உலர்ந்த இடத்தில் மட்டும் வெல்லும் பொடி

தோட்டப் பொருள் விற்கும் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் டயட்டமேசியஸ் எர்த் என்ற வெள்ளைப் பொடி இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. கரப்பான், எறும்பு, மூட்டைப்பூச்சி, அரிசி வண்டு, செடியில் அசுவினி என எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும், நஞ்சு துளியும் இல்லை என்று சொல்லி விற்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. எந்தப் பாதி உண்மை என்பதைத் தெரிந்துகொள்ள, காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் பக்கத்துத் தென்னேரியை மனத்தில் வைத்துப் பார்க்கலாம். பெரிய ஏரி, அதன் பாசனத்தில் நெல் வயல்கள், வீட்டுக்குள் அடுத்த போகத்துக்கு எடுத்து வைத்த விதை, பானையில் பயறு. ஈரமும் உலர்வும் இப்படி அடுத்தடுத்து இருக்கும் ஊரில் இந்தப் பொடி எங்கே வேலை செய்யும், எங்கே கைவிடும் என்பது தெளிவாகத் தெரியும். தானியத்துக்கும் சுவர் இடுக்குக்கும் இது நல்ல மருந்து. தோட்டத்துக்கும் கொல்லைக்கும் அல்ல என்பதே என் வாதம்.

டயட்டம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி. ஏரிக்கரைக் கல்லில் வழுவழுப்பாகப் படியும் பழுப்புப் படலத்தில் இவை ஏராளமாக வாழ்கின்றன. கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்வது இவற்றின் தனித்தன்மை. பாசி மடிந்தாலும் ஓடு மட்குவதில்லை. நெடுங்காலம் அப்படிச் சேர்ந்து படிந்த ஓடுகளை வெட்டியெடுத்து அரைத்ததே இந்தப் பொடி. ஏரி வண்டலை அள்ளிக் காயவைத்தால் இது கிடைத்துவிடாது. வண்டலில் களிமண்ணும் மணலுமே மிகுதி. பூச்சியின் உடலுக்கு மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போகாமல் காப்பது அதுதான். நுண்துளைகள் நிறைந்த இந்தப் பொடி உடலில் ஒட்டியதும் அந்த மெழுகை உறிஞ்சிவிடுகிறது. சற்றே உராய்ந்தும் சிதைக்கிறது. காவல் போன உடலிலிருந்து நீர் வெளியேற, பூச்சி வறண்டு சாகிறது. பிரிட்டிஷ் பூச்சியியலாளர் விக்கிள்ஸ்வர்த் 1940களில் இந்த மெழுகுப் பூச்சையும் அதைப் பொடிகள் குலைப்பதையும் ஆராய்ந்து விளக்கினார். பூச்சி இதைத் தின்ன வேண்டியதில்லை. மேலே பட்டால் போதும். ஆனால் எல்லாம் ஒரே நிபந்தனைக்கு உட்பட்டவை: சுற்றிலும் காற்று உலர்ந்திருக்க வேண்டும்.

இந்த அறிவு நமக்கு வெளியிலிருந்து மட்டும் வந்ததல்ல. மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மஜும்தார், நரசிம்மன், சுப்ரமணியன் ஆகிய மூவரும் செயலூட்டிய கரியும் களிமண்ணும் பூச்சியைக் கொல்வதை 1959இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்த சுப்ரமணியன்தான் நிறுவனத்தின் முதல் இயக்குநர்; பின்னாளில் திருவாரூரில் நெல் பதன ஆய்வு மையம் உருவாவதற்கும் காரணமாக இருந்தவர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பயறு விதையைக் காக்க 100 கிலோவுக்கு 1 கிலோ செயலூட்டிய களிமண்ணைக் கலந்து வைக்கப் பரிந்துரைக்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்பே துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்தவர்களும், பானைப் பயற்றில் சாம்பல் கலந்தவர்களும் நம் வீட்டுப் பெண்கள்தான். டயட்டம் மண் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. குறைந்த அளவில் அதிக வேலை செய்யும் என்பதே அதன் சிறப்பு. தானியத்துக்கென்று தயாரித்த நல்ல சரக்கு, டன்னுக்கு ஏறத்தாழ 1 கிலோ, சிலவற்றில் அதற்கும் குறைவு போதும்.

பயறு வண்டைக் கவனித்தால் இந்தப் பொடியை எப்போது போட வேண்டும் என்பது விளங்கும். தாய் வண்டு பாசிப்பயற்றின் தோல்மேல் வெள்ளைப் புள்ளி போல முட்டையை ஒட்டி வைக்கிறது. புழு முட்டைக்கு அடியிலேயே பயற்றைத் துளைத்து உள்ளே போய்விடும். அது வளர்ந்து வண்டாகி, வட்டமாக ஒரு துளையிட்டு வெளியே வரும்வரை எந்தப் பொடியும் அதைத் தொடாது. அரிசி வண்டோ நெல்மணியிலேயே குழி பறித்து, முட்டையிட்டு, மேலே அடைத்தும் விடுகிறது. ஆகவே வண்டு விழுந்த மூட்டையில் பொடியைக் கொட்டி, மறுநாளே பலன் இல்லை என்று அலுத்துக்கொள்வதில் பொருளில்லை. புதிதாகக் காயவைத்த, சுத்தமான விதையில் முதல் நாளே சீராகக் கலந்து வைத்தால், வெளியிலிருந்து வரும் வண்டும், உள்ளிருந்து தப்பி வெளிவரும் வண்டும் முட்டையிடுமுன் அதில் நடந்தாக வேண்டும். எல்லா வண்டும் ஒன்றுபோல் மடிவதும் இல்லை. மாவைக் கெடுக்கும் செவ்வண்டு இதை நெடுநேரம் தாக்குப்பிடிக்கும்.

மெதுவாகக் கொல்லும் மருந்து எதற்கு, ஒரு மாத்திரை வைத்தால் முடிந்ததே என்று கேட்பார்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வெளிவிடும் பாஸ்பீன் வாயு வண்டைக் கொல்லும். மூடிய அறையில் மனிதரையும் கொல்லும். பயிற்சி பெற்றவர்கள் கிடங்கில் கையாள வேண்டிய பொருள் அது. இந்தியாவின் தானியக் கிடங்குகளில் அந்த வாயுவுக்கே பழகிப்போன வண்டுகள் பெருகிவிட்டன. மெழுகை இழந்து வறள்வதைத் தாங்கும் திறனைப் பூச்சிகள் அவ்வளவு எளிதில் பெற்றுவிடுவதில்லை. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் குன்றத்தூரில் 2024 நவம்பரில் எலி நஞ்சு வைத்த வீட்டில் உறங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தனர். டயட்டம் மண் எலிக்கு மருந்தல்ல. ஆனால் நாம் தூங்கும் அறையில் எதை வைக்கிறோம் என்ற கேள்வி எல்லாப் பூச்சிமருந்துக்கும் பொதுவானது. சில நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வது அந்த அபாயத்தைவிடப் பல மடங்கு மேல்.

இயற்கைப் பொருள்தானே, கவலை எதற்கு என்ற எண்ணமும் சரியல்ல. மிக நுண்ணிய தூசி மூக்கையும் நுரையீரலையும் உறுத்தும். இயற்கையான டயட்டம் மண்ணில் பெரும்பகுதி படிகமாகாத சிலிக்கா. நீச்சல்குள வடிகட்டிக்கு விற்பதோ உயர்வெப்பத்தில் சுட்டது. அதில் படிக சிலிக்கா மிகுதி. மூச்சில் போகும் படிக சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வீட்டுக்கு அதை வாங்கவே கூடாது. அரிசி ஆலை உமிச்சாம்பலிலும் பெரும்பங்கு சிலிக்காதான். இலவசமாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் கொதிகலனில் கடும் சூட்டில் எரிந்த உமியில் அதுவும் படிகமாக மாறக்கூடும். பொடியைக் கலக்கும்போது மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடுங்கள். குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் அருகில் விடாதீர்கள்.

இனி தோட்டம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி, காற்றே ஈரமாக இருக்கும்போது செடியில் தூவிய பொடி நனைந்து பயனற்றுப்போகும். காய்ந்தபின் மீண்டும் வேலை செய்யும் என்பார்கள். அதற்குள் மழையோ பனியோ அதைக் கழுவியிருக்கும். கோடையில் தூவினால் அசுவினியோடு, அதைத் தின்னும் பொறிவண்டையும் பூவுக்கு வரும் தேனீயையும் சேர்த்துக் கொல்லும். நண்பன், பகைவன் என்ற வேறுபாடு இந்தப் பொடிக்குத் தெரியாது. கரையான் ஈரமான மண் கூரைக்கு அடியிலேயே நடமாடுவதால் அதையும் இது தடுக்காது. எறும்புப் புற்றின் வாயில் கொட்டினால் வெளியே வந்தவை சாகும். ஆழத்திலிருக்கும் ராணி மேலும் முட்டையிடும். கொசுவுக்கு இது எந்த விதத்திலும் உதவாது. தோட்டத்துக்கு என்று சொல்லி இதை விற்பவர்கள் நம் தட்பவெப்பத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டுக்குள் நிலைமை வேறு. கட்டில் மூட்டு, கதவு நிலைக்குப் பின்னால் உள்ள பிளவு, சமையலறை அலமாரியின் அடி, மின்பெட்டியைச் சுற்றிய இடைவெளி ஆகியவை மழைக்காலத்திலும் ஓரளவு உலர்ந்தே இருக்கும். மூட்டைப்பூச்சியும் கரப்பானும் நடக்கும் வழியும் அவைதான். அங்கே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மெல்லிய படலமாகப் போட வேண்டும். குவித்தால் பூச்சி சுற்றிக்கொண்டு போய்விடும். அடுத்த மின்விசிறிக் காற்றில் அது நம் மூச்சிலும் ஏறும். பட்டுச் சேலை வைத்த அலமாரியில் துணிமேல் தூவாதீர்கள். உராயும் துகள் இழைக்கு ஆகாது. அலமாரியின் பின்புற இடுக்கு போதும். சாப்பாட்டு அரிசிக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொடி கலந்த தானியம் சரளமாக ஓடாது, எடைக்கு அதிக இடம் பிடிக்கும் என்பதால் வியாபாரிகளும் ஏற்பதில்லை. அரிசியைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறியைச் செருகி வைத்தால், வண்டு வந்ததும் தெரியும், விழுந்தும் போகும்.

எனவே செய்யவேண்டிய வரிசை இதுதான்: முதலில் வெயில், பிறகு சுத்தம், பிறகு மூடிய கலம், கடைசியாகப் பொடி. நெல்லைக் கடித்தால் 'நொறுக்' என்று உடையுமளவு காயவைக்காதவருக்கு எந்த வெள்ளைப் பொடியும் உதவாது. அப்படிக் காயவைத்தவருக்குச் சிறிதளவே போதும். தானியத்துக்கு உரியது என்று உறையில் தெளிவாக எழுதிய சரக்கை விதைக்கும் பயற்றுக்கும் சுவர் இடுக்குக்கும் மட்டும் வாங்குங்கள். தோட்டத்தைத் தேனீக்கும் பொறிவண்டுக்கும் விட்டுவிடுங்கள். அசுவினியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும்.