தேனீயின் பாதையும் பூச்சிக்கொல்லியும்

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயர் பெற்றது. ‘அந்நஹ்ல்’ எனும் அவ்வத்தியாயத்தின் 68, 69ஆம் வசனங்களில் தேனீக்கு இடப்பட்ட கட்டளைகள் மூன்று: கூடமைத்தல், கனிகளை உண்ணல், இறைவன் வகுத்த பாதைகளில் செல்லல். மூன்றும் அரபு மொழியில் பெண்பால் ஏவல் வினைகள். கூடு கட்டுவனவும் தேன் திரட்டுவனவும் பெண் தேனீக்களே.

அப்பாதையைத்தான் இன்று ஒருவகை நஞ்சு குலைக்கிறது. இமிடாகுளோப்ரிட், தயாமீதாக்சம் முதலிய ‘நியோநிகோட்டினாய்டு’ மருந்துகள் புகையிலையின் நிகோட்டினைப் போன்று செயற்படுபவை. விதையில் பூசினாலும் அவை செடி முழுதும் ஊடுருவி, மகரந்தத்திலும் பூவின் மதுவிலும் கலந்துவிடுகின்றன.

தேனீயின் நரம்புகளிடையே செய்தி கடத்தும் பொருள் அசிட்டைல்கோலின். பணி முடிந்ததும் அதனை ஒரு நொதி சிதைத்துவிடும். அதன் இடத்தைப் பற்றிக்கொள்ளும் இந்நஞ்சை அந்நொதியால் சிதைக்க இயலாது. நரம்பு ஓயாது தூண்டப்பட்டுத் தடுமாறுகிறது. சிற்றளவு உடனே கொல்லாது. வழியை மறக்கச் செய்யும். பிரான்சில் நடத்தப்பெற்று 2012இல் வெளியான ஆய்வில், தயாமீதாக்சம் ஊட்டப்பட்ட தேனீக்கள் பல கூடு திரும்பவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவ்வகை மருந்துகள் மூன்றைத் திறந்த வயல்களில் தடைசெய்தது. இந்தியாவில் இமிடாகுளோப்ரிட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. பயிரைக் காக்கும் உரிமை உழவருக்கு உண்டு. எனினும், பூக்கும் பருவத்திலேனும் இவற்றைத் தெளிக்காதிருத்தல், மண்ணை அமானிதமாகப் பெற்ற நமது முதற்கடமையாகும்.