பெருவேட்டைக்கேற்ற குண்டு

கொல்லிமலைத் தலைவனும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனுமாகிய வல்வில் ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருத்தலைத் தமிழ் கற்றார் பலரும் அறிவர். அவன் விடுத்த அம்பு ஒன்று யானையை வீழ்த்தி, புலியை மாய்த்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, முடிவில் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாம். இதனைப் படிக்குங்கால் நாம் வில்லின் வலியையும் தோளின் வலியையும் வியக்கின்றோமேயன்றி, அவ்வம்பின் முனை எத்தகையது என்று வினவுவதில்லை. இக்காலத்து வேட்டைக்காரனுக்கோ அதுவே முதல் வினாவாகும். சிறு மானுக்கும் பெருங்கடமைக்கும் பொருந்தும் குண்டு ஒன்று உண்டா? உண்டெனில் அஃது எவ்வாறு அமைந்திருத்தல் வேண்டும்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்துள்ளது; அத்தடை நன்றே. எனினும் வட அமெரிக்காவிலும், ஐரோப்பாவிலும், ஆப்பிரிக்காவின் சில நாடுகளிலும், அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டுப் பெற்றுக் குறித்த பருவத்தில் குறித்த விலங்கை வேட்டையாடுதல் இன்றும் வழக்கத்திலுள்ளது. அங்கே குண்டைத் தேர்ந்தெடுத்தல் வெறும் விருப்பத்தைச் சார்ந்த காரியமன்று. ஒரு விலங்கு நொடிப்பொழுதில் மடிவதும், புண்பட்டு நாட்கணக்கில் அலைந்து சாவதும் அத்தேர்வைப் பெரிதும் பொறுத்துள்ளன. ஆகவே துப்பாக்கியைத் தொட்டறியாத நாமும் இதனை அறிதல் பயனுடைத்தே.

முதற்கண் பெயர் வேறுபாடு ஒன்றைத் தெளிந்துகொள்வோம். குண்டு வேறு, தோட்டா வேறு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீமூட்டும் சிறு மூடி, உள்ளே மருந்து, வாயிற் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. சுடும்போது வெளியே பறப்பது குண்டு மட்டுமே. ரைபிள் துப்பாக்கியின் குழலினுள்ளே திருகாணியின் மரைபோன்ற பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பற்றிக்கொண்டு செல்லும் குண்டு, பம்பரம்போற் சுழன்றுகொண்டே வெளிப்படும். அச்சுழற்சியினாலேயே அது தலைகீழாகப் புரளாமல் நேரே செல்கின்றது.

குண்டின் எடையைக் கிரெயின் என்னும் அளவையாற் குறிப்பர். 7,000 கிரெயின் கொண்டது ஒரு பவுண்டு. 1906-இல் அமெரிக்கப் படைக்கென ஏற்கப்பெற்றுப் பின்னர் வேட்டைக்காரரிடம் பெரும்புகழ் பெற்ற .30-06 என்னும் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதில் 180 கிரெயின் எடையுள்ள குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 2,700 அடி வேகத்தில் வெளிப்படும். அப்பொழுது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,900 அடி-பவுண்டு. எடையை இருமடங்காக்கினால் ஆற்றல் இருமடங்காகும். வேகத்தை இருமடங்காக்கினாலோ நான்கு மடங்காகும். இக்கணக்கைக் கண்டோர் சிலர், குண்டை இலேசாக்கி வேகத்தை மிகுவித்தலே சிறந்த வழியென எண்ணினர். அஃது அரையுண்மையே. ஆற்றல் எவ்வளவு என்பதோடு, அவ்வாற்றல் விலங்கின் உடலில் எங்கே செலவாகின்றது என்பதும் கருதத்தக்கது. தோலிலும் மேற்றசையிலுமே செலவாகிவிட்ட ஆற்றல் உயிர்நிலையை எட்டாது.

ஒரே எடையுள்ள இரும்புத் துண்டுகள் இரண்டில் ஒன்றைக் குட்டையான முளையாகவும் மற்றொன்றை நீண்ட ஆணியாகவும் செய்து மரத்தில் அறைந்தால், ஆணியே ஆழச் செல்லும். குண்டிற்கும் இந்நியாயம் பொருந்தும். எடையைப் பவுண்டிற் கணித்து, அதனைக் குறுக்களவின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்ணைக் குறுக்குவெட்டுச் செறிவு என்னலாம். .308 அங்குலக் குறுக்களவுடைய குண்டு 150 கிரெயினாயின் அவ்வெண் .226, 180 கிரெயினாயின்.271. எண் மிகமிக, ஊடுருவும் தன்மையும் மிகும். ஆயினும் இக்கணக்கு குண்டு தன் உருவம் மாறாதிருக்கும்வரை மட்டுமே முழுதும் பொருந்தும். உடலுட் புகுந்தபின் உருவம் மாறுமாயின், கணக்கும் உடன் மாறும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. வேட்டைக் குண்டிற்கு இரு கடமைகள் உண்டு. ஒன்று, தோல், தசை, எலும்பு ஆகியவற்றைத் துளைத்து இருதயத்தையும் நுரையீரலையும் அடைதல். மற்றொன்று, அவ்விடத்தே அகன்ற காயத்தை உண்டாக்கி விரைவில் உயிர்போக்குதல். முதற்கடமைக்குக் குண்டு உறுதியாக இருத்தல் வேண்டும். இரண்டாவதற்கு அது நெகிழ்ந்து விரிதல் வேண்டும். உறுதியும் நெகிழ்ச்சியும் ஒன்றற்கொன்று பகையானவை. முழுதும் கடின உறையால் மூடிய குண்டு ஆழப் பாயும். ஆனால் மெல்லிய உடலுடைய மானிற் பட்டால் சிறு துளையிட்டு மறுபுறம் போய்விடும். மானோ நெடுந்தொலைவு ஓடி, கண்காணாவிடத்தில் வீழும். உடலைக் கடந்த குண்டு பின்னே நிற்கும் வேறொரு விலங்கையும் புண்படுத்தக்கூடும். ஓரியின் அம்பிற்குப் புகழாய் அமைந்த தன்மை இவ்வேட்டைக்குக் குற்றமாய் முடிகின்றது. இதற்கு மாறாக, முனையில் ஈயம் வெளிப்பட்டிருக்கும் மென்முனைக் குண்டு உடலிற் பட்டதும் காளான்போல் விரிந்து ஏறத்தாழ இருமடங்கு அகலும். மானுக்கு அது போதும். பெரிய விலங்கின் தோளெலும்பிற் பட்டாலோ, உள்ளே செல்லுமுன் சிதறிவிடவும் கூடும்.

விரியும் குண்டின் வரலாற்றில் நம் நாட்டிற்கும் ஓர் இடமுண்டு. கல்கத்தாவிற்கு அண்மையிலுள்ள டம்டம் என்னும் ஊரின் படைக்கலச் சாலையில் 1890-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் மென்முனைக் குண்டுகள் செய்யப்பட்டன. அவ்வூர்ப் பெயரே அவற்றிற்குப் பெயராயிற்று. அவை மனிதனுடலில் விளைக்கும் கொடுமையைக் கருதி, 1899-இல் ஹேக் நகரிற் கூடிய மாநாடு, போரில் விரியும் குண்டுகளைப் பயன்படுத்தலாகாது என்று அறிவித்தது. வேட்டையிலோ நிலைமை நேர்மாறானது. இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம், ரைபிளால் மானைச் சுடுவோர் மென்முனையோ குழிமுனையோ உடைய குண்டையே பயன்படுத்தல் வேண்டும் என விதிக்கின்றது. போரில் விலக்கப்பட்டது வேட்டையில் விதிக்கப்படுவானேன்? போரில் எதிரியைச் செயலறச் செய்தலே போதும். அதற்கு மேற்பட்ட துன்பம் வேண்டாத துன்பம். வேட்டையிலோ விலங்கைச் செயலறச் செய்து விட்டுவிடுதல் கொடுமை; விரைவிற் கொல்லுதலே இரக்கம். துன்பத்தைக் குறைத்தல் என்னும் அறம் ஒன்றே ஈரிடத்தும் நின்று இருவேறு விதிகளைத் தந்துள்ளது.

நிற்க. உறுதியையும் நெகிழ்ச்சியையும் ஒரே குண்டில் இணைத்தோருள் ஜான் நாஸ்லர் என்னும் அமெரிக்கர் சிறப்பாகக் குறிக்கத்தக்கவர். 1946-இல் கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவர் மூஸ் என்னும் பெருமான் ஒன்றை வேட்டையாடினார். சேறு காய்ந்து படிந்திருந்த அதன் தோளிற் பட்ட குண்டுகள் ஆழச் செல்லாமல் உடைந்துபோயின. அதனை எண்ணிப் பார்த்த அவர், குண்டின் நடுவே செம்புக் கலவையாலாகிய குறுக்குச் சுவர் ஒன்றை அமைத்தார். சுவருக்கு முன்னுள்ள ஈயம் விரிந்து காயத்தை அகலமாக்கும். பின்னுள்ள ஈயம் சிதையாமல் நின்று குண்டை உந்திச்செல்லும். ஒரே குண்டினுள் மென்முனைக் குண்டும் வன்குண்டும் ஒருங்கமைந்தாற் போன்றது இது. 1948 முதல் இது விற்பனைக்கு வந்தது, இன்றும் செய்யப்படுகின்றது.

இதன்பின் வேறு இரு முறைகளும் தோன்றின. ஒன்று, ஈயத்தையும் செம்பு உறையையும் பிரியாதவாறு பற்றவைத்தல். மற்றொன்று, ஈயமே இன்றிக் குண்டு முழுவதையும் செம்பினாற் செய்து, முனையிற் குழி அமைத்தல். அக்குழியின் விளிம்பு உடலிற் பட்டதும் மலரின் இதழ்கள்போல் மடிந்து விரியும். இவ்வகைக் குண்டு தன் எடையைப் பெரும்பாலும் இழப்பதில்லை. ஆயினும் செம்பு ஈயத்தினும் இலேசான உலோகம். ஈயம் நீரைப்போல் 11.3 மடங்கும், செம்பு 8.9 மடங்கும் கனமுடையன. ஆதலால் ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீண்டிருக்கும். நீண்ட குண்டு நிலைபெறுதற்கு மிகுந்த சுழற்சி வேண்டும். ஆகவே ஈயக் குண்டில் 180 கிரெயினைத் தேர்வோர், செம்பாயின் 165 அல்லது 150 கிரெயினைத் தேர்தல் வழக்கம். எடை குறைந்தாலும் சிதையாமையால் அது ஆழச் செல்லும்.

இனி முதலில் எழுப்பிய வினாவிற்கு விடை காண்போம். வட அமெரிக்காவில் ஒரே துப்பாக்கியுடையான் ஒருவன் வெண்வால் மானையும் மூஸையும் வேட்டையாட விரும்பினால், எக்குண்டைக் கொள்ளல் தகும்? மான் ஒன்று பெரும்பாலும் 50 முதல் 130 கிலோ வரை இருக்கும். ஆண் மூஸ் 500 கிலோவையும் தாண்டும். குண்டு மானுக்கு மிகையானால் சிறிது இறைச்சி கெடும். மூஸுக்குக் குறைவானால் அவ்விலங்கு புண்ணோடு தப்பிவிடும். இவ்விரு தீமையுள் பின்னதே பெரிது. ஆதலால் தன் வேட்டையிற் பெரிய விலங்கை அளவாகக் கொண்டே குண்டைத் தேர்தல் வேண்டும். .30-06 துப்பாக்கியாயின், நடுச்சுவருடையதோ, பற்றவைத்ததோ, முழுச்செம்பாலாயதோ ஆகிய 165 முதல் 180 கிரெயின் குண்டு இவ்விரண்டிற்கும் பொருந்தும்.

தொலைவையும் மறத்தலாகாது. 2,700 அடி வேகத்தில் வெளிப்பட்ட குண்டு 300 கஜம் சென்றபின் ஏறத்தாழ 2,100 அடி வேகத்தையே உடைத்தாயிருக்கும். வேகம் மிகக் குறைந்தவிடத்து வன்மையான குண்டு விரியாமற் போதலும் கூடும். அன்றியும் துப்பாக்கி ஒவ்வொன்றிற்கும் தனி இயல்பு உண்டு. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளிற் செய்த இரு துப்பாக்கிகளும் ஒரு குண்டை ஒன்றுபோல் எய்வதில்லை. ஆகவே இரண்டு மூன்று வகைக் குண்டுகளை இலக்குப்பலகையிற் சுட்டுப் பார்த்து, நெருங்கிப் படுவதனைக் கைக்கொள்ளுதலே முறை.

ஆப்பிரிக்கக் காட்டெருமை, யானை ஆகியவற்றிற்கு மேற்கூறியவை போதா. 1912-இல் இலண்டன் ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனத்தார் வெளியிட்ட .375 மாக்னம் தோட்டா, 300 கிரெயின் குண்டைச் செலுத்துவது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் கொடிய விலங்குகளுக்கு இதுவே குறைந்த அளவாகக் கொள்ளப்படுகின்றது. மான்களுக்கு விரியும் குண்டையும் யானைக்கு விரியாத வன்குண்டையும் இதே துப்பாக்கியில் இட்டுச் சுடலாம். ஆகவே பல விலங்குகளுக்கும் ஒரு துப்பாக்கி என்பது இயலும். எல்லா விலங்குகளுக்கும் ஒரே குண்டு என்பது இயலாது.

ஈயத்தைக் குறித்தும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். ஈயக் குண்டு சிதறும்போது நுண்துகள்கள் இறைச்சியிலும் குடலிலும் தங்குகின்றன. வேட்டைக்காரர் விட்டுச்சென்ற குடலை உண்ட கழுகினங்கள் நஞ்சேறி மடிகின்றன. 1982-இல் உலகிலேயே 22 மட்டும் எஞ்சியிருந்த கலிபோர்னியக் காண்டர் பறவைக்கு இந்நஞ்சு பெரும்பகையாய் இருந்துவருகின்றது. இதுபற்றியே அம்மாகாணத்தில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயமற்ற குண்டுகளையே பயன்படுத்துமாறு சட்டம் கட்டளையிட்டுள்ளது. ஆகவே செம்புக் குண்டின் சிறப்பு ஊடுருவுதலில் மட்டும் அடங்குவதன்று.

இவ்வளவும் கூறியபின், குண்டினும் பெரியதொன்று உண்டென்பதையும் உணர்தல் வேண்டும். வால்ட்டர் பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டார், ஆப்பிரிக்காவில் ஆயிரத்திற்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றுட் பெரும்பாலானவற்றை அவர் வீழ்த்தியது .275 என்னும் சிறிய துப்பாக்கியின் வன்குண்டினாலேயாம். யானையின் மண்டையோட்டை ஆராய்ந்து, மூளை இருக்குமிடத்தை எப்பக்கத்தினின்றும் குறிக்கத் தெரிந்தவர் அவர். அத்துணை யானைகள் மாண்டமைக்கு இன்று வருந்துகின்றோம்; எனினும் இடமறிந்து எய்யாத பெருங்குண்டினும் இடமறிந்து எய்த சிறுகுண்டே வலிது என்னும் உண்மை அதனால் விளங்குகின்றது. ஆயினும் அவருடைய கைத்திறன் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. வாய்க்காதார் சிறுகுண்டை நம்புதல் விலங்கிற்குச் செய்யும் கொடுமையாகும்.

தவறிப் பட்ட குண்டு விலங்கை மட்டுமோ வருத்துகின்றது? 436 மக்களைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத்துப் பெண்புலியை 1907-இல் குமாயூன் மலைநாட்டில் ஜிம் கார்பெட்டு சுட்டு வீழ்த்தினார். அதன் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்பக்கத்து மேல்கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் முறிந்திருந்தன. அது முன்னொருகால் பட்ட துப்பாக்கிக் காயத்தின் விளைவு என்றும், இயல்பான இரையைப் பற்ற இயலாமற்போனமையாலேயே அது மனிதரைத் தின்னத் தொடங்கிற்று என்றும் அவர் எழுதியுள்ளார். யாரோ ஒருவன் சுட்டு, கொல்லாமல் விட்ட புலி அது. அவன் அன்றிரவு தன் வீட்டில் அமைதியாய் உறங்கியிருப்பான். அதன் பயனை அனுபவித்தோர் விறகும் புல்லும் கொணரச் சென்ற ஏழை மலைவாழ் மக்கள்.

ஆதலின், குண்டைத் தேர்பவன் தன் பெருமிதத்தையும் கடைக்காரன் புகழுரையையும் ஒதுக்கி, எதிர்நிற்கும் விலங்கின் பருமனையும், இடைப்பட்ட தொலைவையும், தன் கைத்திறனின் எல்லையையும் ஒருங்கே எண்ணித் துணிதல் வேண்டும். இம்மூன்றும் பொருந்தாதவிடத்து, விசையை அழுத்தாமல் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுதலே அவனுக்குக் கடன்.