தேனீயின் காலில் ஒரு கணக்கு

தேனீ வளர்ப்பு என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தேனும் அதனால் கிடைக்கும் வருமானமும்தான். யுத்தத்தில் உழைப்பாளியை இழந்த குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழி, ஆடு, தையல் இயந்திரம் என்று வழங்கப்படும் வரிசையில் சில இடங்களில் தேனீப் பெட்டியும் இருக்கிறது. பெட்டியோடு சிறு பயிற்சியும் கிடைக்கும். ஆனால் சில மாதங்களில் தேனீக்கள் பெட்டியை விட்டுப் போய்விடுவதும் உண்டு. அப்போது பக்கத்து வீட்டார் சொல்வது ஒன்றுதான்: "அவளுக்கு ராசியில்லை." கணவனை இழந்தவள் என்றால் இந்தச் சொல் இன்னும் எளிதாக வாயில் வந்துவிடும். வெறும் பெட்டியில் கோழி அடைகாக்கும்.

ராசிக்கும் தேனீக்கும் சம்பந்தமில்லை. நாம் பெட்டியில் வளர்ப்பது சிங்களத்தில் மீ மெஸ்ஸா எனப்படும் எமது நாட்டு அடுக்குத்தேனீ. உணவு குறைந்தால் கூட்டை விட்டு மொத்தமாகக் கிளம்பிப் போவது இதன் இயல்பு. எறும்பு, மெழுகைத் தின்னும் அந்துப்பூச்சி, அடிக்கடி திறந்து பார்க்கும் எமது ஆவல் ஆகியவையும் காரணமாகலாம். எனினும் பசியே பெரிய காரணம். பசி என்றால் தேன் குறைவது மட்டுமல்ல. தேன் தேனீக்குச் சோறு என்றால் மகரந்தம் அதற்குப் பருப்பும் மீனும் போன்றது. புழுக்களை வளர்க்கத் தேவையான புரதம் மகரந்தத்திலிருந்தே வருகிறது. அது வராவிட்டால் குஞ்சு வளர்ப்பு நின்றுவிடும்; கூடு மெலியும்; பிறகு ஒருநாள் பெட்டி காலியாகும்.

ஆகவே தேனீ எந்த மாதத்தில் எந்தப் பூவிலிருந்து மகரந்தம் கொண்டுவருகிறது என்பதை அறிந்த பெண், பெட்டி காலியாவதற்கு முன்பே ஆபத்தைக் கண்டுகொள்வாள். இதற்கு முதலில் கண் மட்டும் போதும். காலை வேளையில் பெட்டி வாசலுக்குப் பக்கவாட்டில் அமர்ந்து கால் மணி நேரம் பாருங்கள். திரும்பி வரும் தேனீக்களின் பின்னங்கால்களில் சிறு உருண்டைகள் ஒட்டியிருக்கும். மஞ்சள், செம்மஞ்சள், வெண்மை என்று நிறங்கள் வேறுபடும். ஒரு தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடுவதால், உருண்டையின் நிறம் பூவைப் பற்றி ஒரு துப்புத் தரும். ஆனால் மஞ்சள் நிறம் எத்தனையோ பூக்களுக்கு உண்டு. அந்த இடத்தில்தான் நுணுக்குக்காட்டி தேவைப்படுகிறது.

நுணுக்குக்காட்டியில் மகரந்தத்தை முதன்முறை பார்ப்பவர் அதை மறப்பதில்லை. வெறும் தூசு என்று நாம் தட்டிவிடும் பூசணி மகரந்தம் முட்கள் நிறைந்த பெரிய பந்தாகத் தெரியும். செவ்வரத்தையும் அப்படித்தான். சோளத்தின் மகரந்தம் வழுவழுப்பான உருண்டை, அதில் ஒரேயொரு துளை. தென்னையுடையது நடுவில் ஒரு நீள் பள்ளத்துடன் படகு போலிருக்கும். யூக்கலிப்டஸ் சிறு முக்கோணம். தொட்டாற்சுருங்கியின் மணியோ மிகமிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கும் வராது. பூசணி மணி அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெரியது. முள் குத்தும் என்று தோட்டப் பாதையோரம் நாம் வெட்டி எறியும் தொட்டாற்சுருங்கியிலிருந்து தேனீக்கள் காலையில் மகரந்தம் சேகரிப்பதை அறிந்தவர்கள், அதை முழுவதும் அழிக்கச் சற்றே தயங்குவார்கள்.

இந்த மணிகளின் வெளிச்சுவர் எளிதில் அழியாதது. ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணில் 20,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மகரந்தங்கள் உருமாறாமல் கிடந்தன. அவற்றை நுணுக்குக்காட்டியில் எண்ணியே மலைநாட்டின் பழைய மழையையும் வறட்சியையும் ஆராய்ச்சியாளர்கள் கணித்து 2003 இல் வெளியிட்டனர்.

தேனீக்கும் நுணுக்குக்காட்டிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. நுணுக்குக்காட்டியின் துணையோடு வரையப்பட்டு அச்சான முதற்படங்களாகக் கருதப்படுபவை, 1625 இல் ரோமில் வெளிவந்த தேனீப் படங்களே. பின்னர் இத்துறையை வளர்த்தவர்களில் பெண்கள் பலர். இங்கிலாந்தில் ஈவா கிரேன் என்பவர் பௌதிகவியல் படித்தவர். 1942 இல், உலக யுத்தத்தில் சீனிக்குப் பங்கீடு இருந்த காலத்தில், அவருடைய திருமணத்துக்கு ஒருவர் தேனீக்கூட்டம் ஒன்றைப் பரிசளித்தார், சீனித் தட்டுப்பாட்டுக்கு உதவட்டும் என்று. அந்தத் தேனீக்கள் அவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டன. 1949 இல் அவர் தொடங்கிய தேனீ ஆராய்ச்சிச் சங்கம், டொரத்தி ஹொட்ஜஸ் என்ற பெண்மணி எழுதிய மகரந்த உருண்டைகள் பற்றிய நூலை 1952 இல் வெளியிட்டது. ஹொட்ஜஸ் ஓர் ஓவியர், தேனீ வளர்ப்பவர். உருண்டைகளின் நிறங்களையும் மணிகளின் வடிவங்களையும் அவர் தம் கையாலேயே வரைந்தார். சுவிற்சர்லாந்தில் அன்னா மொரிசியோ தேனிலுள்ள மகரந்தத்தை ஆராய்வதில் பல தசாப்தங்களைச் செலவிட்டார். 1978 இல் வெளியான தேன் பரிசோதனை முறையை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

அந்த முறையின் முதற்படி எமது சமையலறையிலும் செய்யக்கூடியது. பத்துக் கிராம் தேனை இருபது மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் கரையுங்கள். கை தாங்கும் சூட்டுக்கு மேல் வேண்டாம். ஆய்வுகூடத்தில் இதை இயந்திரத்தில் சுழற்றுவார்கள். நாம் ஒடுக்கமான கண்ணாடிக் குப்பியில் இரவு முழுவதும் அசையாமல் வைத்தால் ஓரளவு அடியில் படியும். மேல்நீரை மெதுவாக ஊற்றிவிட்டு, அடிமண்டியில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் இட்டு, மெல்லிய கண்ணாடியால் மூடிப் பார்க்கலாம்.

தேன் விற்கும் பெண்கள் சந்தையில் கேட்கும் பேச்சு எமக்குத் தெரியும். "இது சீனிப்பாணிதானே?" நெருப்புக்குச்சியைத் தேனில் தோய்த்துப் பற்றவைப்பது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது போன்ற சோதனைகளை நம்ப முடியாது. சீனிப்பாணியில் மகரந்தம் இராது, தேனில் இருக்கும். வாங்குபவர் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனாலும் இதை அளவோடு சொல்ல வேண்டும். தேனில் பாணி கலந்தவருடைய போத்தலிலும் கொஞ்சம் மகரந்தம் இருக்கத்தான் செய்யும். மறுபுறம், இறப்பர் மரத்தின் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதல்ல. இளம் இலைக் காம்பிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருவது. எனவே நல்ல இறப்பர் தேனிலும் இறப்பர் மகரந்தம் அரிது. தொட்டாற்சுருங்கி மணிகள் மிகச் சிறியவையாதலால் தேனில் அளவுக்கு மீறி எண்ணிக்கையில் தெரியும். முழுமையான தீர்ப்பு வேண்டுமானால் ஆய்வுகூடத்துக்குத்தான் போக வேண்டும்.

நுணுக்குக்காட்டிக்கு எங்கே போவது? பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூடம் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். சிறுவயதில் இடம்பெயர்ந்து படிப்பை இடையில் விட்டவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். கூச்சம் வேண்டாம், கையில் பூவோடு வருபவரைத் திருப்பி அனுப்பும் விஞ்ஞான ஆசிரியர் குறைவு. கடதாசியை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் என்ற கருவியும் உண்டு. அமெரிக்காவில் பணியாற்றும் மனு பிரகாஷ் என்ற இந்திய விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் அதை 2014 இல் அறிவித்தனர். சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். மகரந்தத்துக்கு அது போதும். குழுவாகச் சேர்ந்து ஒன்று வாங்கினால் கைமாற்றிப் பார்க்கலாம். தேனீ பற்றிய சந்தேகங்களுக்குப் பேராதனையிலுள்ள விவசாயத் திணைக்களத்தையும் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவிலுள்ள அதன் தேனீ அபிவிருத்திப் பிரிவையும் நாடலாம். பருவமழைச் சூழலில் எமது தேனீயைப் பராமரிப்பது பற்றி ஆர்.டபிள்யூ.கே. புஞ்சிஹேவா எழுதிய ஆங்கில நூல் 1994 இல் வெளிவந்தது. ஆங்கிலம் தெரிந்த பிள்ளையை வாசித்துச் சொல்லச் சொல்லலாம்.

தேனிலுள்ள மணிகளை இனங்காண, முதலில் பூக்களை அறிந்திருக்க வேண்டும். வாரம் ஒரு பூ போதும். பூசணி, தென்னை, முருங்கை, பப்பாசி, ஹந்தானைச் சரிவில் பூத்திருக்கும் பெயர் தெரியாத களை எதுவானாலும் சரி. பூவின் மகரந்தத்தைக் கண்ணாடியில் தட்டி, ஒரு துளி கிளிசரின் இட்டு மூடுங்கள். ஓரங்களை நகப்பூச்சினால் அடைத்தால் மாதிரி நெடுநாள் கெடாது. அதில் பூவின் பெயர், இடம், திகதி ஆகிய மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு கொப்பியில் பென்சிலால் வரைந்து, அன்று பெட்டி வாசலில் எத்தனை தேனீக்கள் உருண்டையோடு வந்தன என்பதையும் குறித்து வையுங்கள். ஒரு வருடம் எழுதினால், விடாமழை மாதங்களில் அந்த எண்ணிக்கை எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். அந்த மாதத்தில் பூக்கக்கூடியது எது என்று பார்த்து வேலியோரம் நடலாம்.