மெடிக் பயிற்சி: ஊசி போடுவதைவிடக் கஷ்டமான வேலை எது?

தெக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சி முடிந்துவிட்டது. அடுத்து எந்தப் பிரிவு என்று காத்திருக்கிறீர்கள். போஸ்டிங் வருகிறது: "மெடிக்".

வீட்டில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நீ பாதி டாக்டர்!"

நண்பர்கள் வேறு மாதிரி நினைக்கிறார்கள். "லக்கிடா நீ! ஏர்கான் ரூம்ல உக்காந்து பனடால் குடுக்குறதுதானே வேலை?"

இரண்டுமே சரியில்லை. மெடிக் பாதி டாக்டரும் இல்லை, மாத்திரை கொடுப்பவர் மட்டுமும் இல்லை. டாக்டரிடம் போய்ச் சேரும்வரை ஒருவரை உயிரோடு வைத்திருப்பதுதான் மெடிக்கின் வேலை. அதற்கு என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

எங்கே பயிற்சி? என்ன சொல்லிக்கொடுப்பார்கள்?

சிங்கப்பூர் ஆயுதப் படையின் மெடிக்குகள் நீ சூன் முகாமில் இருக்கும் ராணுவ மருத்துவப் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி பெறுகிறார்கள்.

முதலில் வகுப்பறை. இதயம், நுரையீரல், ரத்தவோட்டம் எல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்ற பாடம். பள்ளியில் உயிரியல் படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம். மருத்துவக் கல்லூரிப் பாடம் அல்ல இது. ஆனால் தேர்வு உண்டு. ராத்திரி பங்க்கில் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

பிறகு கை வேலை:

• நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் வெப்பநிலை பார்ப்பது
• சிபிஆர் எனும் இதய இயக்க மீட்பு சிகிச்சை, ஏஇடி கருவியைப் பயன்படுத்துவது
• ரத்தப்போக்கை நிறுத்துவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது
• உடைந்த எலும்பு அசையாமல் கட்டைவைத்துக் கட்டுவது
• ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது
• ஸ்ட்ரெச்சரில் ஆளைத் தூக்கிச் செல்வது

கடைசியில் இருப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உங்களைவிடக் கனமான ஒருவரை மேடு பள்ளத்தில், மழையில், முதுகில் மருத்துவப் பையோடு தூக்கிப் பாருங்கள். மெடிக்குக்கு ஏன் உடலுறுதி வேண்டும் என்று பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஊசி நாள்

எல்லாரும் பயப்படும் நாள் அதுதான்.

முதலில் பொம்மைக் கையில் பழகுவீர்கள். அடுத்து உண்மையான கை. பொதுவாக அது பக்கத்தில் இருக்கும் நண்பனின் கை. அவன் உங்களுக்குப் போட வேண்டும், நீங்கள் அவனுக்குப் போட வேண்டும். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார்.

கை நடுங்கும். நரம்பு கிடைக்காது. "டேய், பாத்துப் போடுடா!" என்பான் நண்பன். ரத்தத்தைப் பார்த்ததும் சிலருக்குத் தலை சுற்றும், சிலர் மயங்கியும் விழுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெரிய உடம்புக்காரர்தான் முதலில் விழுவார் என்று ஒரு கிண்டல்கூட உண்டு!

அன்று காலை நன்றாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினால் மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள்.

ஆனால் இதைவிடக் கஷ்டமான வேலைகள் இருக்கின்றன.

எதை முதலில் பார்ப்பது?

ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். கால் வளைந்து கிடக்கிறது, முகமெல்லாம் ரத்தம், வலியில் கத்துகிறார். எங்கிருந்து தொடங்குவீர்கள்?

கண் பயங்கரமான காயத்துக்குத்தான் ஓடும். பயிற்சி அந்தப் பழக்கத்தை மாற்றுகிறது. போர்க்கள முதலுதவியில் பல நாட்டு ராணுவங்கள் பின்பற்றும் வரிசை இது:

1. பீறிட்டு வரும் ரத்தத்தை நிறுத்து
2. மூச்சுப்பாதை அடைபட்டிருக்கிறதா பார்
3. மூச்சு சரியாக இருக்கிறதா பார்
4. ரத்தவோட்டத்தைக் கவனி
5. உடல் குளிர்ந்துபோகாமல் காப்பாற்று

ஏன் ரத்தம் முதலில்? தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். கையிலோ காலிலோ இறுக்குப் பட்டையைக் கட்டினால் அதைத் தடுக்க முடியும்.

ஐந்தாவது விஷயம் பலருக்கு ஆச்சரியம். 'நம்ம ஊர் வெயில்ல உடம்பு எப்படிக் குளிரும்?' நிறைய ரத்தத்தை இழந்தவரின் உடல் வெப்பத்தையும் இழக்கும். உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. உறையாவிட்டால் ரத்தப்போக்கு இன்னும் மோசமாகும். அதனால்தான் சிங்கப்பூரிலும் போர்வை தேவை.

காயமடைந்தவர்கள் பலர் என்றால்? அதிகம் கத்துபவரிடம் முதலில் போகக்கூடாது. கத்துகிறார் என்றால் மூச்சு இருக்கிறது. சத்தமே இல்லாமல் கிடப்பவரைப் பாருங்கள். யாருக்கு அவசரமோ அவருக்கே முதல் சிகிச்சை. காயமடைந்தவர் எதிரிப் படைவீரராக இருந்தாலும் அதே விதிதான். ஜெனிவா ஒப்பந்தங்கள் அப்படித்தான் சொல்கின்றன. சிங்கப்பூர் 1973ஆம் ஆண்டிலேயே அவற்றில் இணைந்துவிட்டது.

"நான் ஓகே" என்பவரைக் கவனியுங்கள்

இங்கே குண்டு பாயும் வாய்ப்பு குறைவு. வெயில் தாக்கும் வாய்ப்பு அதிகம்.

2018ஆம் ஆண்டில் தேசிய சேவையாளர் ஒருவர் விரைவு நடைப் பயிற்சிக்குப் பிறகு வெப்பத் தாக்கத்துக்கு ஆளாகி உயிரிழந்தார். சம்பவ இடத்தில் அவருக்குப் போதிய கவனிப்புக் கிடைக்கவில்லை, மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்வதிலும் தாமதம் ஏற்பட்டது என்று விசாரணைக் குழு குறிப்பிட்டது.

மெடிக் ஏன் முக்கியம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கடுமையான வெப்பத் தாக்கத்தில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். மூளையும் பாதிக்கப்படும். பேச்சு குழறும், நடை தள்ளாடும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும், திடீரென்று கோபம் வரும். "ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே, ஓகே" என்பார். அதை நம்பி விட்டுவிடக்கூடாது. இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, முதலில் குளிரவையுங்கள், பிறகு கொண்டுசெல்லுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். தண்ணீர், ஐஸ், விசிறி, எது கிடைத்தாலும் சரி.

இங்கேதான் கஷ்டமான வேலை வருகிறது.

நடைப் பயிற்சி முடிய இன்னும் கொஞ்ச தூரம்தான். எல்லாரும் களைத்திருக்கிறார்கள். ஒருவருடைய நடை சரியில்லை என்று உங்களுக்குப் படுகிறது. அவரோ "நிறுத்தாதே, முடிச்சிடுறேன்" என்கிறார். பக்கத்தில் இருப்பவர் "நடிக்கிறான்" என்கிறார். உங்களைவிடப் பதவியில் பெரியவர்கள் சுற்றி நிற்கிறார்கள். உங்களுக்கு வயது 19.

"சார், இவரை நிறுத்தணும்" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

உங்கள் கணிப்பு தவறாக இருக்கலாம். ஒருவேளை அவர் நடித்தே இருக்கலாம். அப்படியென்றால் போனது கொஞ்ச நேரம். நீங்கள் வாயைத் திறக்காமல், அவருக்கு உண்மையிலேயே முடியவில்லை என்றால் போவது உயிர்.

வேறு எதற்குத் தயாராக வேண்டும்?

• காத்திருப்பு: துப்பாக்கி சுடும் பயிற்சியிலும் நெடுந்தூர நடையிலும் மெடிக் கூடவே இருப்பார். பெரும்பாலான நாளில் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காத நாள்தான் நல்ல நாள். ஆனாலும் பையில் எல்லாம் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

• "எம்சி எடுத்துக் குடுடா": நண்பர்கள் கேட்பார்கள். மருத்துவ விடுப்பு கொடுப்பது டாக்டர், நீங்கள் அல்ல. அதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுங்கள்.

• ரகசியம்: பக்கத்துக் கட்டில்காரருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பது உங்களுக்குத் தெரியவரும். கேன்டீனில் அது பேச்சாகக்கூடாது.

• மனச்சுமை: மோசமான காயத்தைப் பார்த்தால் சில நாள் தூக்கம் வராமல் போகலாம். உள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். மேலதிகாரியிடமோ ராணுவ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். அடுத்தவரைக் கவனிப்பவருக்கும் கவனிப்பு தேவை.

இரண்டு ஆண்டுக்குப் பிறகு?

முழுநேரச் சேவை முடிந்தாலும் போர்க்காலப் படைவீரராக மறுபடியும் முகாமுக்குப் போவீர்கள். வழக்கமாக அது 10 ஆண்டுச் சுற்று. கற்றது மறந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகாமுக்கு வெளியிலும் அது உதவும். குடிமைத் தற்காப்புப் படையின் 'மைரெஸ்பாண்டர்' செயலியை வைத்திருந்தால், 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயம் நின்றுபோனதாகச் சந்தேகம் வரும்போது உங்களுக்குத் தகவல் வரும். சிபிஆரும் ஏஇடியும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த நிமிடங்கள் உங்கள் கையில்.

இப்போதே என்ன செய்யலாம்?

• சிபிஆர், ஏஇடி வகுப்பு ஒன்றுக்குப் போய் வாருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது எவ்வளவு களைப்பான வேலை என்று தெரியும்.
• உடற்பயிற்சியை விடாதீர்கள். முக்கியமாகக் கால், முதுகு.
• உங்கள் புளோக்கில் ஏஇடி கருவி எங்கே இருக்கிறது என்று இன்று மாலை வீடு திரும்பும்போது பாருங்கள். அதற்கு மெடிக்காக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.