எந்த பல்பும் மாட்டும், எந்தப் பெட்டியும் மாட்டாது!

எங்கள் அனந்தபுரத்தில் பக்கத்து வீட்டு அக்கா, கேபிளை விட்டு டிஷ்ஷுக்கு மாறினார். பழைய பெட்டி நன்றாகத்தான் ஓடிக் கொண்டிருந்தது. "இது அதுக்கு ஆவாதுக்கா, புதுப் பெட்டிதான் போடணும்" என்றான் மாட்ட வந்த பையன். "ஏம்பா, டி.வி. அதேதானே?" என்றார் அக்கா. நியாயமான கேள்வி!

விஷயம் இதுதான். ஒவ்வொரு நிறுவனமும் சானல்களுக்குத் தனிப் பூட்டுப் போட்டு அனுப்புகிறது. சாவி அவர்கள் தரும் பெட்டிக்குள் இருக்கிறது. அதனால் புடவை எடுப்பதுபோல் நாலு கடை ஏறி, விலை பேசிப் பெட்டி வாங்க நமக்கு வழியில்லை. சேவை பிடிக்காவிட்டாலும், பெட்டிக்குக் கொடுத்த பணம் போய்விடுமே என்று அவர்களுக்கே மாதாமாதம் கட்டுகிறோம். எந்தப் பெட்டியும் எந்தச் சேவைக்கும் பொருந்த வேண்டும் என்று டிராய் அமைப்பு 2020 ஏப்ரலில் அரசுக்குப் பரிந்துரைத்தது. செல்போனிலோ, நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியிலேயே நாடு முழுதும் வந்துவிட்டது.

வீட்டு பல்பைப் பாருங்கள். அழுத்தித் திருப்பும் அந்த ஹோல்டரில் யார் செய்த பல்பும் உட்காரும். எல்.இ.டி. வந்தபோது ஹோல்டரை மாற்றவா செய்தோம்? அரசுத் திட்டத்துக்காக ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் 2014 தொடக்கத்தில் 310 ரூபாய்க்கு வாங்கிய பல்பு, 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. மொத்தக் கொள்முதல்தான் பெரிய காரணம். ஆனாலும் எல்லாக் கம்பெனி பல்பும் ஒரே ஹோல்டருக்குப் பொருந்தியதால்தானே அத்தனை பேர் போட்டிக்கு வர முடிந்தது?

சார்ஜர் கதையும் இப்போது அப்படித்தான். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பாவில் விற்கும் புதுச் செல்போன்களுக்கு டைப்-சி முனை கட்டாயம். ஒரே முறை என்றால் புதுமை வராது என்று ஆப்பிள் வாதாடிப் பார்த்தது. 2023-இல் ஐபோன் 15-க்கு அதையே வைத்தது. இனி கணவர் போனுக்கொன்று, பிள்ளை போனுக்கொன்று என்று வாங்க வேண்டாம்.

முனை பொதுவானால் மட்டமான சரக்கும் கூடவே நுழையும், சகோதரிகளே! செஞ்சி கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சார்ஜரை எடுத்துவிடாதீர்கள். பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள். குழந்தை கை வைக்கும் பொருள் அது.