வெயில் காலத்திலேயே வேய வேண்டிய கூரை

கம்ப்யூட்டர் படுத்த பிறகு பதறுவதைவிட ஓடும்போதே சோதிப்பது மேல். பங்குச் சந்தை அடிபட்டுக் கற்ற பாடம் இது.

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. முற்பகல் 11.40-க்கு மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றது. சில நிமிடங்களில் சரியாகிவிடும் என்று நாடெங்கும் தரகர்கள் காத்திருந்தார்கள். மீண்டும் வர்த்தகம் தொடங்கியபோது மாலை 3.45. அதற்குள் சேதம் நேர்ந்துவிட்டது. அன்றன்றே வாங்கி விற்பவர்கள் பலரது கணக்கு, இயங்கிக்கொண்டிருந்த மும்பைப் பங்குச் சந்தையில் கிடைத்த விலைக்கு முடிக்கப்பட்டிருந்தது. நஷ்டம் அவர்கள் தலையில்.

தொலைத்தொடர்பு இணைப்புகள் அறுந்ததுதான் தொடக்கம் என்றது சந்தை நிர்வாகம். அதையடுத்து தகவல் சேமிப்பு அமைப்பு தடுமாற, தரகர்களின் ஈட்டுத்தொகை போதுமா என்று கண்காணிக்கும் அமைப்பு செயலிழந்தது. அது இல்லாமல் வர்த்தகம் நடத்துவது ஆபத்து.

வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்ட நாளுக்காகவே சென்னையில் ஒரு மாற்று மையம் இருந்தது. அன்று வர்த்தகம் அங்கே மாற்றப்படவில்லை. ஏன் என்று விளக்கம் கேட்டது பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி. அடுத்த மாதமே விதியையும் இறுக்கியது: முக்கிய அமைப்பு முடங்கினால் 30 நிமிடங்களுக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடங்களுக்குள் மாற்று மையத்திலிருந்து வேலை தொடங்க வேண்டும்.

விதி காகிதத்தில் இருந்தால் போதாதே. 2024 மார்ச் 2, சனிக்கிழமை. விடுமுறை நாளில் சந்தை திறந்தது. காலை 9.15 முதல் 10 மணி வரை வழக்கமான மையத்தில் வர்த்தகம், 11.30 முதல் 12.30 வரை மாற்று மையத்தில். கைமாறியது நிஜப் பணம், நிஜப் பங்குகள். மே 18-லும் இதே ஒத்திகை.

தாமதித்தால் என்ன விலை என்பதை எச்.டி.எஃப்.சி. வங்கி அறியும். 2020 நவம்பர் 21 அன்று அதன் முதன்மை டேட்டா சென்டரில் மின்சாரம் தடைபட்டு, இணைய வங்கிச் சேவை முடங்கியது. முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் தடங்கல்கள் இருந்தன. டிசம்பரில் ரிசர்வ் வங்கி புதிய டிஜிட்டல் திட்டங்களுக்கும் புதிய கிரெடிட் கார்டுகளுக்கும் தடை போட்டது. கார்டுகளுக்கான தடை 2021 ஆகஸ்டில் விலகியது. மற்றவை 2022 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது.

ஓடுகிற வண்டியை எதற்கு நோண்டுவது என்பது முதலாளிகளின் பழைய வாதம். அதில் ஒரு நியாயமும் உண்டு. பராமரிப்புச் செலவு பேரேட்டில் ஏறும். நேராமல் தப்பிய நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. அதனால்தான் அந்தச் செலவு முதலில் வெட்டப்படுகிறது.

இது பெரிய இடத்து விவகாரம் மட்டும் அல்ல. கணக்குகளைத் தினமும் நகல் எடுத்து வைக்கும் ஜவுளிக் கடைக்காரர், அந்த நகலைத் திறந்து ஒரு பில்லாவது போட்டுப் பார்த்திருக்கிறாரா? பாஸ்வேர்டு தெரிந்த ஒரே கணக்குப்பிள்ளை ஒரு வாரம் படுத்துவிட்டால் கடை நடக்குமா? ஜெனரேட்டர் கடைசியாக ஓடியது எப்போது?

இவற்றுக்குப் பதில் தேட ஏற்ற நாள், வியாபாரம் மந்தமான ஒரு ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு முந்தின நாள் அல்ல.