தண்ணொளித் தட்டு

இரவு விருந்துகளில், கோப்பையின் அடியில் வைக்கும் வட்டத் தட்டொன்று மின்கலமும் திரியும் இன்றி ஒளிவீசக் காண்கிறோம். இவ்விந்தை எவ்வாறு நிகழ்கிறது?

தட்டின் பிளாஸ்டிக் உறைக்குள் இரு திரவங்கள் உள்ளன. ஒன்றில் ஆக்ஸலேட் எஸ்டர்; மற்றொன்றில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு. இரண்டில் ஒன்று மெல்லிய கண்ணாடிக் குழலில் அடைபட்டிருக்கும். அழுத்தினால் குழல் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அவ்வினையில் பிறக்கும் ஆற்றலை, உடன் உள்ள சாயம் ஏற்று ஒளியாக வெளியிடுகிறது. நிறத்தை வகுப்பதும் சாயமே. மின்மினியின் ஒளியும் இவ்வினத்ததே. பொருள்கள் மட்டும் வேறு.

1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எட்வின் சாண்ட்ராஸ் இவ்வினையைக் கண்டறிந்தார். அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் மைக்கேல் ரௌஹட் குழுவினர் அதனை வளர்த்தனர்.

சூடான காப்பியை வைத்தால் ஒளி மிகும். ஆனால் விரைவில் அணையும். குளிர்பானத்தை வைத்தால் மங்கும். ஆனால் நெடுநேரம் நிற்கும். அணைந்த தட்டு மீண்டும் ஒளிராது.

குழந்தைகள் உள்ள இல்லத்தார் ஒன்றைக் கருத வேண்டும். உறை கிழிந்தால் திரவம் கண்ணையும் தோலையும் உறுத்தும். கண்ணாடித் துணுக்குகளும் வெளிப்படும். ஆகவே, கசியும் தட்டை உடனே அகற்றுவோம். கண்ணில் பட்டால் நீரால் நன்கு கழுவி, மருத்துவரை நாடுவோம். ஒளியின் அழகில் மயங்கி, உள்ளிருப்பதை மறவாதிருப்போமாக!